ஏழு மணி நேர மாப்பிள்ளை

“ஏழு மணி நேரமா?” என்று கேட்ட பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை போட்டோவை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

கல்யாணத் தரகர் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். மூத்த பெண்ணுக்காக அலையாய் அலைந்து பிடித்த இடம். பெண்ணுக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அம்மாவோ மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டதுமே சரியென்றுவிட்டார். எல்லாம் கூடி வந்து, கடைசியில் விமான தூரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இது தட்டிப்போனால் சின்னவளுக்கு வரன் பார்க்கும் வேலையும் கைவிட்டுப் போகும்.

“ஏழுங்கிறது வாசல்ல இருந்து வாசல் வரைக்கும்ங்க. பறக்கிறது அஞ்சுதான்.”

“அஞ்சு மணி நேரம் ஒரே இடத்துல உட்காரணுமா? சினிமாவுலகூட நடுவுல எழுந்து போக விடறாங்க. மிச்ச ரெண்டு மணி நேரம் என்ன பண்றது?”

“வரிசையில நிக்கிறது.”

“அப்ப என் முட்டி என்னத்துக்கு ஆகும்? ஏம்மா, என் கண்ணாடி எங்க?”

சமையலறையிலிருந்து வந்த மனைவி, அவருடைய சட்டைப் பையிலிருந்தே கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

“நிக்கவே வேண்டாம். சக்கர நாற்காலியில வெச்சுத் தள்ளிட்டுப் போவாங்க,” என்றார் தரகர்.

“என்னைப் பார்த்தா நோயாளி மாதிரியா இருக்கு? ஏம்மா, தண்ணி.”

தண்ணீர் வந்தது. தரகர் அவசரமாகக் கணக்கை மாற்றினார். அவர் ஜென்மத்தில் விமானம் ஏறியதில்லை. ஏணியில் ஏறினாலே தலை சுற்றும்.

“புதுசா நேர் விமானம் ஒண்ணு விடறாங்க. நாலு மணி நேரம். காத்து பின்னால இருந்து தள்ளினா மூணுதான்.”

“அப்ப திரும்பி வரும்போது அதே காத்து மூஞ்சியில அடிக்குமே.”

தரகருக்கு இது தோன்றவேயில்லை. “வரும்போது வேற வழியா வருவாங்க. அது இன்னும் சீக்கிரம்.”

“உங்களை நம்பறதுக்குப் பதிலா அவங்களையே கேட்டுடறேன்,” என்று பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தினார். தரகர் கைக்குட்டையைத் தேடினார்.

“விமானத்துலயா?” என்றது மாப்பிள்ளையின் அப்பா குரல். “ரெண்டு மணி நேரம்தானேங்க. பையன் இருக்கிற இடத்துக்கு நாங்க இன்னும் போனதில்ல, தரகர்தான் சொன்னாரு.”

அங்கேயும் ஒரு புளுகு விட்டு வைத்திருந்தது தரகருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

பெண்ணின் அப்பா முகம் மலர்ந்து போட்டோவை நிமிர்த்தி வைத்தார். “ரெண்டு மணி நேரம்னா பக்கத்துத் தெரு மாதிரி. ஏம்மா, கேட்டியா? இனிமே பொண்ணைப் பார்க்க நீ எப்பப் போனாலும் நானும் கூடவே வந்துடறேன். பேசி முடிச்சிடுங்க தரகரே.”

தரகர் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அம்மா வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துத் தரகர் பல்லைக் காட்டினார்.

“ஏழு மணி நேரம்னா இவர் என்கூட வரமாட்டார்னுதான் அண்ணே, இந்த இடத்துக்கே நான் சரின்னேன்,” என்றார் அவர் தணிந்த குரலில். “சின்னவளுக்காவது இன்னும் நல்ல தூரமா ஒரு மாப்பிள்ளை பாருங்க.”