உரித்த ஆரஞ்சு மூழ்கிய விவகாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். அங்கே உன் இடது கால் நலமா, அதைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு மகள் வீட்டில் எல்லோரையும் வேலை வாங்கும் மிச்ச உடம்பும் நலமா என்று அறிய விரும்புகிறேன். அத்தான் கூடவே இருப்பதால் எனக்குக் கவலை இல்லை. அவருக்குத்தான் இருக்கும்.

நிற்க. உன்னைச் சொல்லவில்லை, நீ படுத்தே இரு.

மாடிப்படியில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு கிடந்த நீ, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆறே வாரம், நான் வர்ற வரைக்கும் நாலாம் வகுப்புக்கு அறிவியல் மட்டும் எடுத்துக் குடுடா, பிள்ளைங்க பூ மாதிரி" என்று சொன்னாயே, அப்போது நான் தலையாட்டியதற்கு ஒரே காரணம் அந்தப் பாடப்புத்தகம். அது எங்கள் அச்சகத்தில் அச்சானது. முப்பத்து நான்கு வருஷம் அங்கே பிழை திருத்துகிறவனாக உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் புத்தகத்தில் ஒரு காற்புள்ளி கூட என் கண்ணுக்குத் தப்பிப் போனதில்லை. எனக்கு அறிவியல் தெரியாவிட்டால் என்ன, புத்தகத்துக்கு அறிவியல் தெரியும், எனக்குப் புத்தகம் தெரியும், கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துப் போனேன். பூ மாதிரி என்றாய். முப்பத்தொரு பூ.

முதல் நாள் 'நீரின் மூன்று நிலைகள்'. ஒரு பையனைப் பலகையில் எழுதச் சொன்னேன். அவன் 'தண்ணீரை கொதிக்க வைத்தால்' என்று எழுதினான். நடுவில் ஒரு 'க்' வேண்டாமா? அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா நிற்பது? எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று ஆரம்பித்தேன், நாற்பது நிமிஷமும் அதிலேயே போய்விட்டது. தண்ணீர் கடைசிவரை கொதிக்கவே இல்லை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் முழுக்க எனக்கு 'ஒற்று சார்' என்று பேர் விழுந்துவிட்டது. ஒற்று என்றால் என்னவென்றே தெரியாத ஒண்ணாங்கிளாஸ் பொடிசுகள் எல்லாம் தூணுக்குப் பின்னால் நின்று "ஒற்று சார், ஒற்று சார்" என்று கூப்பிட்டுவிட்டு ஓடுகின்றன.

நீ விட்டுப்போன குறிப்புநோட்டில் முதல் பக்கத்திலேயே 'சொல்லாதே, செய்து காட்டு' என்று எழுதியிருந்தாய். சரி, அக்கா வாக்கு என்று மறுநாள் மெழுகுவர்த்தி ஏற்றி அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். அணைந்தது. "காற்று தீர்ந்துபோனால் தீ அணைந்துவிடும், நமக்கும் அப்படித்தான்" என்று புத்தகத்தில் உள்ளதற்கு மேலே ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து கூடுதலாக வந்துவிட்டது. இடைவேளையில் போய்ப் பார்த்தால், நாலு பேர் சேர்ந்து ஒருத்தனை உட்கார வைத்து அவன் தலைமேல் குப்பைக்கூடையைக் கவிழ்த்துவிட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கூடைக்குள்ளேயிருந்து அவன், "இன்னும் அணையலடா" என்று நிதானமாகச் சொல்கிறான். நான் ஓடிப்போய்க் கூடையைத் தூக்கினால், "கூடையில ஓட்டை இருக்கு சார், அதான் அணையல. ஓட்டை இல்லாதது குடுங்க" என்கிறார்கள். கூடையை அங்கேயே பறிமுதல் செய்தேன். அன்றையிலிருந்து வகுப்பில் வாளி, கூடை, அண்டா எதுவாக இருந்தாலும் என் மேஜைக்கு அடியில்தான்.

அடுத்த வாரம் காந்தம். ஆளுக்கொரு துண்டு கொடுத்து, எது எது ஒட்டுகிறது என்று பட்டியல் எழுதிக்கொண்டு வரச் சொல்லி வெளியே அனுப்பினேன். அது என் புத்தி. அரைமணி கழித்து ஒரு பையன் கொண்டுவந்த பட்டியலில் இப்படி இருந்தது: ஆணி, ஊசி, ஜன்னல் கம்பி, தலைமையாசிரியை. விசாரித்தால், அந்த அம்மா கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் போய் நின்று வளையலில் வைத்துப் பார்த்திருக்கிறான், ஒட்டியிருக்கிறது. பத்து வருஷமாகத் தங்கம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த வளையல். பட்டியலை என் கையிலிருந்து வாங்கிப் படித்த அந்த அம்மா, "இதுல எழுத்துப்பிழை ஒண்ணும் இல்லையா சார்?" என்று மட்டும் கேட்டார்கள். நான் பார்த்தேன். இல்லை. இல்லை என்றே சொல்லித் தொலைத்தேன்.

இதெல்லாம் பூசணிக்காய்க்கு முன்னால் கடுகு அக்கா. இனிதான் விஷயம்.

உன் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் குழாய் ரிப்பேர்காரர் மகள் ஒருத்தி இருக்கிறாளே, முன்பல் விழுந்தவள், எந்நேரமும் பென்சில் முனையைக் கடிப்பவள். அவளுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பேர் 'பாத்தீங்களா'. திமிங்கிலம் குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்பேன். "பாத்தீங்களா சார்?" என்பாள். சூரியன் பூமியைவிடப் பெரியது என்பேன். "பாத்தீங்களா சார்?" குறும்பு கிடையாது, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள், அதனால் திட்டவும் வழியில்லை. நான் எதைப் பார்த்தேன்? முப்பத்து நான்கு வருஷம் எழுத்தைத்தான் பார்த்தேன், ஒரு பொருளையும் பார்த்ததில்லை.

நாற்பத்தேழாம் பக்கம், 'மிதப்பதும் மூழ்குவதும்'. புத்தகத்தில் இருப்பது இது: 'ஆரஞ்சுப் பழத்தைத் தோலுடன் நீரில் இட்டால் மூழ்கும். தோலை உரித்து இட்டால் எடை குறைவதால் மிதக்கும்.' வாசித்தேன். அவள் கையைத் தூக்கினாள். கேள்வி எனக்கு மனப்பாடம் என்பதால், கேட்பதற்கு முன்பே ஒரு வாளித் தண்ணீரும் இரண்டு ஆரஞ்சும் வரவழைத்திருந்தேன். தோலோடு போட்டேன். மிதந்தது. உரித்துப் போட்டேன். குடுகுடுவென்று அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வகுப்பு மொத்தமும் வாளியைப் பார்த்தது, புத்தகத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "பழம் சரியில்லை" என்றேன். அவள் மட்டும், "தோல்ல குட்டிக் குட்டியா காத்து இருக்கு சார், எங்கப்பா தொட்டியில போடுற பந்து மாதிரி. அதான் மிதக்குது. உரிச்சா காத்துப் போயிடுது" என்றாள். நான் உட்காரச் சொன்னேன்.

சாயங்காலம் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளியலறை வாளியில் ஒவ்வொன்றாகப் போட்டேன். என் வீட்டுக்காரி வாசலில் நின்று, "பழத்தைத் திங்கப்போறீங்களா, குளிப்பாட்டப்போறீங்களா?" என்றாள். எட்டுப் பழம். எட்டும் அந்தப் பெண் சொன்னபடியே நடந்துகொண்டன. எட்டாவது பழம் மூழ்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா, கையெழுத்துப் பிரதியில் சரியாகத்தான் இருந்தது. அந்தப் புத்தகத்தை எழுதிய பேராசிரியர், தோலோடு போட்டால் மிதக்கும், உரித்தால் மூழ்கும் என்றுதான் எழுதியிருந்தார். நான்தான், சுமை குறைந்தால் மிதக்கத்தானே வேண்டும், மனுஷன் தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று சிவப்பு மையில் இரண்டு வார்த்தையையும் இடம் மாற்றினேன். போதாததற்கு 'எடை குறைவதால்' என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு பேராசிரியர் போன் செய்தபோது, அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மறந்தே போனேன். பதினோரு வருஷம். அத்தனை வருஷமும் சரியாக எழுதிய பிள்ளைகளுக்குத் தப்பு போட்டிருப்பார்கள், தப்பாக எழுதியதுகளுக்குச் சரி போட்டிருப்பார்கள். என் சிவப்புப் பேனா இத்தனை தூரம் நீளும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது மனுஷனை எதையும் செய்ய வைக்கும். "பரீட்சையில் புத்தகத்தில் இருக்கிறதையே எழுதுங்க" என்றேன். அவள் எழுந்து, "தண்ணி வேற சொல்லுதே சார்" என்றாள். நான் ஏதோ படம் தேடுகிறவன் போல உன் அலமாரியைத் திறந்தேன். அங்கே உன்னுடைய பழைய புத்தகம் இருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்தேன். அந்த இரண்டு வரியையும் அடித்து, ஓரத்தில் உன் கையெழுத்தில், 'தவறு. பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்' என்று எழுதி, தேதியும் போட்டிருந்தாய். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அப்போ உனக்கு முதல் வருஷமே தெரியும். புத்தகம் என் மேஜையிலிருந்து வந்தது என்பதும் தெரியும். இத்தனை வருஷம் என் வீட்டுக்கு வந்தாய், நான் செய்தித்தாளில் பிழை காட்டிப் பீற்றிக்கொண்டதை எல்லாம் உட்கார்ந்து கேட்டாய், நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் என்னைப் 'பிழையே விடாதவர்' என்று சொன்னபோது முன்வரிசையில் இருந்து கைதட்டினாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோபம்தான் வந்தது. அலமாரிக் கதவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பிள்ளைகள் நான் படம் தேடுகிறேன் என்றே நினைத்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியை கல்வி அதிகாரியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவர் என் மேஜையில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, "உரிச்ச ஆரஞ்சைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். முப்பத்தொரு பேரும் சேர்ந்து, "மூழ்கும்" என்றார்கள். அவர் புத்தகத்தை இன்னொரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்:

"பிள்ளைங்க சொல்றது சரி சார். புத்தகம்தான் தப்பு. அதைத் தப்பாக்கினது நான்."

"நீங்க வந்து ரெண்டு வாரம்தானே ஆகுது?" என்றார்.

"தப்பு பண்ணி பதினோரு வருஷம் ஆகுது."

"அரசாங்கப் புத்தகத்துல தப்பு இருக்காது" என்றார்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து, "பாத்தீங்களா சார்?"

அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது, என் மேஜைக்கு அடியிலிருந்த வாளியும் முந்தின நாள் மிஞ்சிய ஆரஞ்சும் வெளியே வந்தன. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவரே உரித்தார், அவரே போட்டார், மூழ்கியது. வாளியைச் சுற்றி வந்தார். கையை விட்டுப் பழத்தை எடுத்து மறுபடி போட்டார், மறுபடியும் மூழ்கியது. கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பள்ளிக்கூடத்துத் தண்ணியில ஏதோ கோளாறு இருக்கு" என்று சொல்லி, அதையே அறிக்கையிலும் எழுதிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்து தண்ணீர்த் தொட்டிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இருநூறு பிள்ளைகளும் கழிப்பறைக்கு என்ன செய்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை, எதிர்வீட்டுக்காரர் எழுதிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "சார், 'அன்று பயன்படுத்திய பழங்கள் அழுகியவை'ன்னு ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. தொட்டியைத் திறந்துடுவாங்க, எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்" என்று ஒரு தாளை நீட்டினார்கள். தாளில் ஒரு பிழையும் இல்லை அக்கா, விஷயத்தைத் தவிர. பேனாவை வாங்கினேன். போட்டிருந்தால் என் பேரும் பிழைத்திருக்கும். ஆனால் மூணாவது பெஞ்சு ஞாபகம் வந்தது. தாளைத் திருப்பி அதன் பின்பக்கத்திலேயே பாடநூல் அலுவலகத்துக்கு எழுதினேன்: நாற்பத்தேழாம் பக்கம், ஆறாவது ஏழாவது வரி, தவறு, திருத்தியவர் இன்னார், பேராசிரியர்மேல் குற்றமில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா நிதானமாகப் படித்துப் பார்த்தார்கள். வளையல் இல்லாத கையால் முத்திரை குத்தி உறையில் போட்டார்கள்.

ஆகவே, அக்கா, இனி என்னால் ஆகாது. எனக்கு இந்த வேலை வராது. அறுபத்து மூன்று வயதில் ஒரு வாளித் தண்ணீர் முன்னால் தலைகுனிந்து நின்றது போதும். நீ எப்படியாவது கம்பு ஊன்றியாவது சீக்கிரம் வந்து சேர். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி நாளைக்கே போன் பண்ணிவிடு. இந்த விஷயத்தில் என் முடிவில் மாற்றமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உன் காலுக்கு என் அனுதாபம். மூத்தவளான நீ அங்கிருந்தே என்னை ஆசீர்வதித்துவிடு, நேரில் திட்டுவதை வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

உன் பாதம் தொட்டு (கட்டு இல்லாத பாதம்),
பிழைகளுடன்,
உன் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் மணி அடித்தது. அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும். தலைமையாசிரியை சொல்லி, அவர் முத்திரையை உடைத்துத் தொட்டியைத் திறந்துவிட்டு நேராக வந்திருக்கிறார், முழங்கால்வரை ஈரம். அவள் கையில் உரித்த ஆரஞ்சு ஒன்று, அதன் தோலையே திருப்பி மேலே சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள். "இது மிதக்குமா, மூழ்குமா சார்?" என்றாள். தெரியாது என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் ஒரு குழந்தையிடம் சொன்னது இதுதான் முதல் தடவை, ஒன்றும் ஆகிவிடவில்லை. இப்போது நாலு பேரும் குளியலறையில் இருக்கிறோம், என் வீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தையும் உரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள். நாளைக்கு வகுப்புக்கு எட்டு வாளி வேண்டும், அலமாரிச் சாவி என்னிடமே இருக்கட்டும். எலும்பு விஷயத்தில் அவசரமே கூடாது அக்கா, நன்றாகக் கூடட்டும், மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. ரப்பர் பேண்ட் போட்ட ஆரஞ்சு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டு எழுதாதே. அங்கே வாளி இருக்கும்.