எனக்காக முடிவெடுக்க உன்னைப் போடாத காரணம்

பிளேஸ்டோ,
லண்டன்.

அன்புள்ள தம்பி மரியநாயகத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். இல்ஃபோர்ட்டில் நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். பக்கத்தில் இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ போனை எடுத்தால் நான் ஏன் முத்திரை ஒட்டுகிறேன்?

பின்னாளில் என் நினைவு தவறினால் வைத்தியம், சாப்பாடு, எங்கே இருப்பது எல்லாவற்றையும் என் சார்பில் முடிவெடுக்க மகன் ஜெஸ்ரினை நியமித்துப் பத்திரம் எழுதினேன். உன்னைப் போடவில்லை என்று பூசையிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாய். போன வருடம் ஆசுபத்திரியில் தாதி என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது யார்? நான் நோவில்லை என்கிறேன், நீ "பொய் சொல்லுறார், நல்லா நோகுது" என்று காட்டிக்கொடுக்கிறாய். நான் நினைவோடு இருக்கும்போதே இப்படியென்றால், நினைவில்லாதபோது உன்னை யார் அடக்குவது?

நான் தெளிந்த புத்தியோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன் என்று உறுதிப்படுத்த வெளியாள் ஒருவர் வேண்டுமாம். பங்குச் சுவாமியைக் கேட்டேன். செபமாலைமுத்து பத்திரம் எழுதுகிறார் என்று கோவிலெல்லாம் கதை பரவி, சுவாமி நோயாளருக்குப் பூசும் எண்ணெயோடு வந்து இறங்கினார், பின்னால் நான்கு பெண்கள் செபமாலையோடு. நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "மனிசன் சாகேல்லை சுவாமி, இது படிவம்" என்று உன் அண்ணி இம்மாகுலேற் விளங்கப்படுத்த அரை மணி நேரம் போனது. பிறகு கையெழுத்து. சுவாமி இருக்க நான் முந்துவதா? "நீங்கள் வையுங்கோ சுவாமி" என்றேன். அடுத்து ஜெஸ்ரின், அவனுக்கு ஷிப்ட். வீட்டுக்காரன் நான் கடைசியாக வைத்தேன். எல்லாம் முறையாக முடிந்து பதிவு செய்யும் கந்தோருக்குத் தபாலில் போய்விட்டது, இனி அதைக் கிளறாதே.

உன் வீட்டார் எல்லோருக்கும் மடு மாதாவின் காவல் கிடைக்கட்டும்.

அன்பு அண்ணன்,
செபமாலைமுத்து

பி.கு.: இதை ஒட்டாமல் சில வாரம் வைத்திருந்தேன், அதற்குள் கந்தோரிலிருந்து படிவம் திரும்பி வந்துவிட்டது. பத்திரம் யாருடையதோ அவர்தான் முதலில் கையெழுத்து வைக்க வேண்டுமாம். புதிதாக எழுத உட்கார்ந்தபோது இம்மாகுலேற் சும்மா ஜெஸ்ரினைக் கேட்டாள், "அப்பாவுக்கு ஏலாமல் வந்தால் என்ன சமைச்சுக் குடுப்பாய்?" அவன் யோசிக்கவே இல்லை. "பாஸ்ரா. அப்பாவுக்கு உயிர்." அந்த இத்தாலிக்காரரின் மாச் சாப்பாட்டை, பிள்ளை ஆசையாகச் சமைக்கிறானே என்று பன்னிரண்டு வருடமாக நல்லாயிருக்கு என்று சொல்லி விழுங்குகிறேன், தம்பி. எல்லோரிடமும் அப்படித்தான் பழகிவிட்டேன். மரியாதை பார்க்காமல் நான் உண்மை பேசிய ஒரே ஆள் நீதான். எனக்கு என்ன பிடிக்கும் என்பதை நானே மறந்துபோனால், அது உனக்கு மட்டும்தான் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் பெயரை எழுதிவிட்டேன், சனிக்கிழமை வா.