நடுவர்கள் தாண்டிய கால்மிதி

கந்தப்பளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி நிரஞ்சனுக்கு,

இங்கு நானும் மழையும் நலம். கொழும்பில் நீயும் உன் வேலையும் நலமாயிருக்க முருகனை வேண்டிக்கொண்டு அக்கா பூரணி எழுதுவது. போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே.

"சும்மாதானே இருக்கீங்க, அனுப்புங்க" என்றாயே, அந்தப் புதிய தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு விருதுக்கு என் கால்மிதியை அனுப்பினேன். வாசலில் யாராவது அதை மிதித்தால் குசினியில் கேத்தல் தானாகச் சூடேறும். வந்தவர் குடையை மடக்கி, நாலு வார்த்தை பேசி உட்காருவதற்குள் தேயிலைச் சாயத்தண்ணிக்கு வெந்நீர் தயார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை. முதல் சுற்றில் தேறிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடுவர்கள், ஒரு ஐயாவும் ஒரு மேடமும், நேரில் பார்க்க வந்தார்கள். மிதித்துக் காட்ட ஒரு விருந்தாளி வேண்டுமே என்று பக்கத்து வீட்டு சண்முகவடிவு அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அவர் லீக்ஸ் தோட்டத்திலிருந்து நேரே சேற்றுக்காலோடு வந்தார். நான் வேறு, நடுவர்கள் வருகிறார்களே என்று கால்மிதிக்குப் புது வெள்ளை உறை தைத்துப் போட்டிருந்தேன். வாசலில் நின்றார், கீழே பார்த்தார், சேலையைத் தூக்கிப் பிடித்து ஒரே தாண்டு!

"மிதிச்சு வாங்கக்கா!"

"சேத்துக்காலுங்க டீச்சர். இம்புட்டு வெள்ளையா போட்டு வச்சிருக்கீங்க, மிதிக்க மனசு வருமா?"

இந்த ஊரில் அதுதான் மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, பின்னால் வந்த ஐயா காற்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தாண்டினார். மேடமும் தாண்டினார். கேத்தல் வாயே திறக்கவில்லை. வந்த மனுஷங்களைத் திரும்ப வெளிய போய் மிதிச்சிட்டு வாங்கன்னு எப்படிச் சொல்றது, நீயே சொல்லு. நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், அந்த நேரம் பார்த்து சண்முகவடிவு அக்காவோட ஆடு பின்னாலயே வந்து, கால்மிதி நடுவுல நின்னு மழைத்தண்ணியை உதறுது. குசினியில கேத்தல் புஸ்ஸுன்னு கிளம்பிருச்சு!

"அப்ப ஆட்டுக்குத்தான் டீ, எங்களுக்கு இல்ல" என்றார் ஐயா.

எல்லோரும் சிரித்தோம். இந்த வீட்டில் இத்தனை பேர் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம், தம்பி. அதற்காகவே ஆட்டுக்கு ஒரு முழுக் கோவாவை இலை இலையாக உரித்துப் போட்டேன்.

பிறகு மேடம் கேட்டார்: "ஒரு கிழமைக்கு எத்தனை பேர் மிதிப்பாங்க மிஸ்?"

"வருவாங்க" என்றேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதினால் புள்ளியை வெட்டிவிடுவேன்.

நேற்றுப் பதில் வந்தது: "நம்பிக்கை தரும் கண்டுபிடிப்பு. ஆனால் பாவித்துப் பார்த்தவர்கள் தொகை போதாது." விருது இல்லை. எனக்குக் கவலையும் இல்லை. கால்மிதியை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டேன். தீபாவளிக்கு வருவது சந்தேகம் என்றாயே, சிரமப்பட வேண்டாம். பஸ்ஸில் நெரிசல், இங்கே குளிர். தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் குறைவில்லாமல் இரு.

ஆசிகளுடன்,
அக்கா பூரணி

பி.கு.: கால்மிதி அலமாரி மேல் இல்லை, வாசலில்தான் கிடக்கிறது. கேத்தலிலும் தண்ணீர் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட கையோடு கேத்தல் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன், ஆடு. அதற்குள் இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டேன். நீ வரும்போது மட்டும் தாண்டாதே. சேற்றுக்காலோடவே மிதி.