பரிசச் சாமையும் படகு இஞ்சினும்

கப்பலில் வேலை பார்த்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே தவிர, அங்கே நான் செய்தது இஞ்சினைத் துடைக்கிற வேலை மட்டும்தான். இதை என் மாமனாரிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் வாழ்க்கையில் ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

போர்க்காலம். ரங்கூனிலிருந்து உயிர் தப்பி மலைமேல் எங்கள் எடப்புளி நாட்டுக்குத் திரும்பியிருந்தேன். செல்லாயியை எனக்குப் பேசி முடித்தார்கள். எங்கள் வழக்கப்படி பரிசம் தானியமாகத்தான்; மூன்று மூட்டை சாமை. எல்லோரையும்போல உமியோடு கொடுத்திருக்கலாம். ஆனால் உரலில் குத்திக் குத்திச் செல்லாயியின் கை காய்த்துப் போயிருந்ததைப் பார்த்திருந்தேன். மனம் கேட்கவில்லை.

"அரிசியாவே தாரேனுங்க மாமா. மிசின்ல கொஞ்ச நேரத்து வேலை."

"வெதைக்குப் போக உங்க ஊட்டுல இருக்கறதே அவ்வளவுதானுங்களே மாப்ள. ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"கப்பலையே ஓட்டுனவனுங்க நான்!" (துடைத்தவன்.)

பக்கத்து ஊரான சோளக்காட்டில் ஒரு தோட்டக்காரர், பழைய மோட்டார் படகின் டீசல் இஞ்சினைக் கழற்றித் தலைச்சுமையாக மலையேற்றி, அரவை மிசினோடு பூட்டியிருந்தார். போரினால் டீசலுக்குத் தட்டுப்பாடு. பாதிக்குப் பாதி இலுப்பை எண்ணெய் கலந்தேன். உச்சி வெயிலில் ஓட்டி, அதிர்கிறதா என்று கப்பல் இஞ்சினியர் செய்வதுபோல இஞ்சின்மேல் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாள் காலை கடும் பனி. பெண் வீட்டார் எல்லோரும் வந்து நின்றார்கள். மிச்சமிருந்த சுத்த டீசலிலேயே இரண்டு மூட்டை அரைபட்டு, அரிசி குவிந்தது. பிறகு மூன்றாவது மூட்டைக்கு, பரண்மேல் டின்னில் வைத்திருந்த என் கலவையைத் திறந்துவிட்டேன்.

இலுப்பை எண்ணெய் குளிரில் நெய்யாக உறைந்திருந்தது. இரண்டு சிலிண்டரில் ஒன்றுக்கு எண்ணெயே போகவில்லை. நொண்டி மாடுபோல இஞ்சின் குதித்தது. அன்றும் மேலே வைத்திருந்த டம்ளர் தானாக நடந்துபோய் விழுந்தது. (கப்பலில் எண்ணெய்க் குழாயைச் சூடாகவே வைத்திருப்பார்கள். இஞ்சினியர் குளிர் காய்வதற்கு என்று நினைத்திருந்தேன்.) கொட்டகை அதிர்ந்ததில், பரணிலிருந்த கலவை டின் நகர்ந்து நகர்ந்து அரிசிமேல் கவிழ்ந்தது. டீசல் முதலில் ஊற்றியது. இலுப்பை கட்டி கட்டியாகப் பின்னால் விழுந்தது.

ஒரு வருஷத்து உழைப்பு நாறிக்கொண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதும்விட்டேன்.

மாமனார் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துக் கீழே போட்டார். "கல்யாணம் அடுத்த அறுப்புக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார்.

பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். செல்லாயி அசையவில்லை. "நான் காத்திருக்கறனுங்கப்பா. சாமைய மட்டும் உமியோட கொண்டாரச் சொல்லுங்க."

அடுத்த அறுப்பில் உமியோடுதான் கொண்டுபோனேன். அவளோடு சேர்ந்து நானும் உலக்கை பிடித்தேன்.

இன்றும் யாரிடமாவது கப்பல் கதையை ஆரம்பித்தால், செல்லாயி டம்ளர் நிறையத் தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். பேரப் பிள்ளைகள் கதையைக் கேட்பதில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.