பிரிப்பு மேஸ்திரியும் என் வலது கையும்

"...அந்தக் கையை மட்டும் ஒரு நிமிஷம் குடுங்க சார், பிரிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்!"

விழுப்புரம் ஜங்ஷனில், கடலூர் வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது என்னிடம் இப்படிக் கேட்டவர் பிரிப்பு மேஸ்திரி. அவர் கேட்டது என் கோட்டின் வலது கையை. கோட்டுக்குள்ளே நான் இருந்தேன்.

உலகத்தில் தைக்கிறவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். தைத்ததைப் பிரிப்பதற்கென்றே பிறந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். ஒரு பித்தான் தைக்கக்கூடத் தெரியாது. அவர் சட்டையில் பித்தான் போன இடத்தில் குண்டூசிதான் நிற்கும். ஆனால் அது யுத்தகாலம், துணிக்குக் கண்ட்ரோல். புதுசு கிடைக்காத ஜனங்கள் பழசைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். திருப்புவதற்கு முன்னால் பிரிக்க வேண்டுமே! திண்டிவனத்திலிருந்துகூட மூட்டை மூட்டையாகத் துணி அவரைத் தேடி விழுப்புரத்துக்குப் போகும்.

"தைக்கிறவன் கோவத்துலயும் தைக்கலாம் சார். பிரிக்கிறவன் கோவப்பட்டா துணி காலி" என்பார்.

பிளேடு வைத்துப் பிரிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அது மூஞ்சி மழிக்கிறதுய்யா! துணி எது, நூலு எதுன்னு அதுக்குத் தெரியுமா?" அவருடைய ஆயுதம் ஒரு முள். கட்டைவிரல் நீளம்; நுனி மீன்வால் மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். நீள நுனி நூலுக்கு அடியில் நுழையும். குட்டை நுனியில் ஒரு பொட்டு அரக்கு, துணியைக் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போக. இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளம்தான் அறுக்கும்.

"எதுல செஞ்சது மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"குடைக்கம்பி சார். மட்டமான கம்பி வளைச்சா வளைஞ்சபடியே கெடக்கும். நல்ல எஃகு, வளைச்சு வுட்டா டிங்குனு திரும்பி நிக்கணும். நூறு குடையில ஒண்ணுலதான் அது இருக்கும்."

அந்த ஒன்றைத் தேடியே பாதி ஆயுசு போயிருக்கிறது. மயிலத்தில் பங்குனி உத்திரத்துக்குக் கூடின கூட்டமெல்லாம் தேரைப் பார்க்கும். இவர் குடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஒரு வாத்தியார், கற்பூரம் ஏற்றிவிட்டு வருவதற்குள் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தம் குடையை இவரிடமே நீட்டினார். எட்டுக் கம்பியோடு போன குடை ஏழு கம்பியோடு திரும்பியது. வாத்தியார் கத்தினதற்கு மேஸ்திரி நிதானமாகச் சொன்னாராம்: "ஏழு கம்பி இருந்தாலும் குடை குடைதானே சார்? மழைக்கு எண்ணத் தெரியுமா?"

முள்ளை அவர் பராமரித்த அழகு தனி. தீட்டுவது உடைந்த பீங்கான் சாசரின் அடிப்பக்கத்தில். எண்ணெய் தனியாகப் போடக் கூடாது, துணியில் கறை ஏறும். தலைமுடியில் ஒரு தடவு தடவினால் போதும். வேலை முடிந்ததும் மருந்து பாட்டில் கார்க்கில் குத்திச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். "நூலு தானா வுழணும் சார். இழுத்தாத்தான் வருதுன்னா முள்ளு மழுங்கிப்போச்சு. அப்பவும் தம் கட்டி இழுக்கிறான் பாருங்க, அவன்தான் துணியைக் கிழிக்கிறான்."

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. கோணல் தையலைக் கண்டால் கை சும்மா இருக்காது, கேட்காமலே பிரித்துவிடும். ஒரு ஞாயிறு, மாதா கோயில் பூசையில் முன்வரிசையில் உபதேசியார் முழந்தாளிட்டிருந்தார். அவர் சட்டை முதுகில் தையல் நெளிந்து போயிருந்தது. அவருக்கு நேர் பின்னால் நம்மவர். ஆமென் சொல்லி உபதேசியார் எழுந்தார். சட்டையில் பாதி வலப்பக்கம் போயிற்று, பாதி இடப்பக்கம்.

"ஜெபத்துல மனசே நிக்கலீங்க. கண்ணுக்கு எதிர்ல பாம்பாட்டம் நெளிஞ்சிக்கினு போவுது, நான் என்னா பண்ணுவேன்?"

அன்றுமுதல் மேஸ்திரி எதிரே வந்தால் ஜனங்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் பேசினார்கள்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஓர் ஆபீஸில் டெம்பரரி குமாஸ்தா. மூன்று வருஷமாக டெம்பரரி. நிரந்தரமாக்குவதற்கு நேரில் பார்க்க வேண்டும் என்று கடலூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோட்டில்லாமல் போனால் போனபடியே வரலாம் என்று எங்கள் ஹெட்கிளார்க் பயமுறுத்தியிருந்தார். இருந்தது அப்பாவின் கல்யாணக் கோட்டு; வெளியே வெளுத்துப் பழுப்பு, உள்ளே இன்னும் கறுப்பு. மேஸ்திரி மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தார். ஒரு இழை சிதையவில்லை. எது எங்கே சேரும் என்று துண்டுக்குத் துண்டு சாக்கட்டியால் அடையாளம் போட்டுக் கொடுத்தார்.

திண்டிவனத்துத் தையற்காரர் சுத்தக்காரர். அடையாளத்தையெல்லாம் அழுக்கென்று தட்டித் துடைத்துவிட்டுத்தான் தைக்க உட்கார்ந்தார். வலது கை முறுக்கிக்கொண்டது. போட்டுப் பார்த்தால், யாரிடமோ ஏதோ கேட்பதுபோல என் கை தானாக முன்னால் நீண்டு நின்றது. அதற்கு மேல் நாளில்லை. அப்படியே கிளம்பி, விழுப்புரத்தில் வண்டி மாறும்போதுதான், நான் வருவது தெரிந்து, தம் வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசையாக ஓடிவந்த மேஸ்திரியின் கண்ணில் அந்தக் கை பட்டது.

கார்க்கைக் கழற்றிவிட்டார். முள் பளபளத்தது.

"வேணாம் மேஸ்திரி! இந்த வண்டியை வுட்டா என் வேலை போச்சு."

"ரெண்டே நிமிஷம். ஜல்தியா எடுத்துடுவேன்."

"எடுத்துட்டா யாரு தைப்பா? நீங்களா?"

சட்டென்று அடங்கிப்போனார். தைக்கத் தெரியாததற்காக அந்த மனுஷர் வெட்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். முள்ளைத் தலைமுடியில் ஒருதரம் தடவினார். கார்க்கில் குத்தினார்.

"போய்ட்டு வாங்க சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

கடலூரில், நீண்டு நின்ற என் கையைப் பார்த்த அதிகாரி, கை குலுக்கத்தான் வருகிறேன் என்று நினைத்து எழுந்து வந்து குலுக்கினார். வேலையும் கிடைத்தது. ஆனால் என் நினைவில் நிற்பது அதல்ல. வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிரிப்பு மேஸ்திரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டேஷன் சுவரைப் பார்த்து, இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி இடுக்கிக்கொண்டு நின்றார். என் வண்டி கண்ணுக்கு மறைகிறவரை திரும்பவே இல்லை.