கேப்டனுக்குத் துணை

"ஐயோ, சொல்லாதீங்க!"

பாலிஷ் அக்கா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். கையிலிருந்த பல் செட் அவள் காதோரமாக இளித்தது.

நிறக்காரருக்கு வாய்வரை வந்த பேச்சு தொண்டைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. 'தூரக்கோள்' பட வரிசையின் கடைசிப் பாகத்தை முதல் நாளே பார்த்துவிட்டு வந்திருந்தார். முதல் பாகம் வந்தபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அது நரைத்தே விட்டது. இத்தனை காலம் கேப்டனோடு விண்வெளியில் அலைந்தவருக்கு, முடிவைப் பற்றிப் பேச ஒரு ஜீவன் வேண்டாமா?

"அப்ப நீங்க யாருமே இன்னும் பாக்கலையா?"

அக்காவும் பிளாஸ்டர்காரரும் மேனேஜரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இல்லையே, எங்க நேரம்?" என்றார் மேனேஜர், சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தபடி.

அது செயற்கைப் பல் செய்யும் பட்டறை. அச்சு வார்ப்பதும் தேய்ப்பதும் உள்ளறையில், அரட்டையும் அங்கேதான். நிறக்காரரின் வேலை மட்டும் வேறு. புதுப் பல்லின் வெள்ளை, நோயாளியின் மற்ற பற்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நல்ல பகல் வெளிச்சம் தேவை என்பதால் கூடத்தின் மறுகோடியில், ஜன்னலோரம் தனி மேசை. மரியாதையான இடம்தான். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்க அங்கே தட்டு நிறையப் பற்களைத் தவிர யாரும் கிடையாது. வீட்டிலும் காலையில் வைத்த தம்ளர், சாயங்காலம் வைத்த இடத்திலேயே இருக்கும். மனுஷன் தனிமையில் வெந்துகொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. உண்மையான முடிவைச் சொன்னால்தானே குற்றம்? பொய்யாக ஒன்றைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்?

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன்," என்று உள்ளறை வாசலில் போய் நின்றார். "கடைசியில கேப்டன் தனியா இல்லை."

அக்கா கையிலெடுத்த கவளத்தை அப்படியே வைத்தாள். "தனியா இல்லையா? கூட யாரு?"

"சமையல் ரோபோ."

"அதுதான் போன பாகத்துலயே வெடிச்சுச் சிதறிடுச்சே!"

"பொறுக்கி ஒட்டிட்டாங்க."

"எதை வச்சு?" என்றார் பிளாஸ்டர்காரர்.

"நம்ம பல் சிமெண்ட்தான்!"

அறையே சிரித்தது. நிறக்காரருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

அதற்கடுத்த நாள் அவர்களே சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்துவிட்டார்கள். அவரும் அள்ளி விட்டார். கேப்டனின் கலத்துக்கு வழி தவறியவர்கள், விவாகரத்தானவர்கள், ஓய்வு பெற்ற வில்லன் என்று ஆள் சேர்த்துக்கொண்டே போனார். ரோபோவுக்குப் பெண் பார்த்தார். கிளினிக்குகளுக்குப் பல் செட் கொண்டுபோகும் டெலிவரிக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாயில் எதுவும் தங்காத மனுஷன் அவர்.

"ஆனா சார், படத்துல..." என்று அவர் ஆரம்பிக்க, அக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் வாயில் திணித்தாள்.

"குறுக்க பேசாதீங்க. சார் சொல்லட்டும்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேனேஜர் வாயைத் திறக்கும்வரை.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து போய்ப் பாத்துடுவோம். சார், நீங்களும்தான்!"

நிறக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். படத்தைப் பார்த்தால் குட்டு உடையும். அப்புறம் ஜன்னலோரம் எவர் எட்டிப் பார்ப்பார்?

"படம் படு மட்டம் சார்."

"மட்டமான படத்தைத்தான் கூட்டமாப் பாக்கணும்!"

"டிக்கெட் கிடைக்காது."

"எடுத்தாச்சு."

ஞாயிறு காலை போன் செய்து, நாலு இருமலோடு காய்ச்சல் என்றார்.

"அடடா, அப்ப எல்லாரும் உங்க வீட்டுக்கே வந்துடறோம்," என்றார் மேனேஜர்.

வீட்டில் இருப்பது ஒற்றை நாற்காலி. நிறக்காரரின் காய்ச்சல் அந்த நிமிடமே விட்டது.

தியேட்டரில் அவரை நட்டநடுவில் உட்காரவைத்தார்கள். அக்கா இரண்டு சால்வை கொண்டுவந்திருந்தாள். "இந்தாங்க, உள்ள ஏசி பிச்சு எடுக்கும்," என்று ஒன்றை அவர் மடியில் போட்டாள்.

படம் ஓடியது. ஒவ்வொருவராகக் கலத்தை விட்டு இறங்கிப் போனார்கள். கேப்டன் வானொலியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் பதில் சொல்லவில்லை. ரோபோவும் வரவில்லை, பெண்ணும் வரவில்லை. அவரே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். படம் முடிந்தது.

தியேட்டரில் விளக்கெரிந்தது. நிறக்காரர் எழுந்து நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் சொன்னது அத்தனையும் புளுகு. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமப் புளுகிட்டேன்."

அக்கா அவசரமாகப் பைக்குள் பிஸ்கட்டைத் தேடினாள். அதற்குள் டெலிவரிக்காரர் முந்திக்கொண்டார்.

"அது எங்களுக்குத் தெரியாதா சார்? முதல் நாளே உங்களுக்குப் பின் வரிசையில நாங்க எல்லாருமா உக்காந்து பாத்துட்டோம். உங்களைக் கூப்பிடாம விட்டோமே, மனுஷன் தன்னந்தனியா உக்காந்து அழறாரேன்னுதான் பாக்கவேயில்லைன்னு சொல்லிட்டோம்... அது கெடக்கட்டும், அந்த ரோபோவுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா?"