மாமன் ஊற்றிய உப்புத் தண்ணீர்

மின்சாரக் கார் வாங்கியவன் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தேடுவது பிளக் பாயிண்ட்டைத்தான். கல்யாண வீடோ கருமாதி வீடோ, "வாங்க வாங்க" என்று கூப்பிடுகிறவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, ஃபிரிட்ஜ் எங்கே, ஏசி எங்கே என்று கண் அலையும். என் பெரியப்பா இறந்தபோது அவரை வைத்திருந்த ஃபிரீசர் பெட்டியின் பிளக்கை நான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்ததாக என் மனைவி சுமதி இன்றைக்கும் சொல்வாள். (பார்த்தது உண்மை. ஏக்கம் அவளாகச் சேர்த்தது.)

பெரம்பலூரில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கார் வாங்கிய புதிதில், அதுவும் ஒருவர் ஓட்டிக் களைத்த பழைய கார்தான், கடைக்கு வருகிற ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கேட்டு வந்தவர் பேட்டரியின் ஆயுளைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுவிட்டு, மருந்தை மறந்துவிட்டுப் போவார். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவு கொடுக்குது?" பதிலை நான் சொல்ல ஆரம்பித்தால் சுமதி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள், சமைத்து முடித்து வந்தாலும் நான் பேசிக்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

நம்மைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே! 'பெரம்பலூர் அரியலூர் மின்கார் உறவுகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதன் தலைவர் சாமிநாதன் சார், இயற்பியல் வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். குழுவில் யாராவது சந்தேகம் கேட்டால் பதில் வருவதற்கு முன்னால் பாடம் வரும். அடுத்தவர் ஜமால் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர். எங்களுக்குள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் வழக்கம் கிடையாது. "எத்தனை பர்சென்ட்?" என்றுதான் கேட்போம். எந்த டீக்கடையில் பிளக் இருக்கிறது, எந்த லாட்ஜில் எர்த் சரியில்லை என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி.

அந்த எர்த் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டு வயரிங்கில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் ஒழுங்காக இல்லையென்றால் எங்கள் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். ஃபிரிட்ஜ் ஓடும், கிரைண்டர் ஓடும், இது மட்டும் ஓடாது. கோபித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை போல, எல்லா மரியாதையும் சரியாக இருந்தால்தான் பச்சை விளக்கு எரியும்.

இப்போது காதுகுத்துக்கு வருகிறேன்.

என் தங்கை கவிதாவைத் தா.பழூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான்தான். அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து என்று முடிவானபோது, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும், நாள் குறிப்பதற்கே எனக்குத்தான் முதலில் போன் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தங்கை வீட்டுக்காரர் ராமலிங்கம் டிராக்டர் வைத்திருப்பவர், சிக்கனமாகப் பேசுகிறவர். சீர்த்தட்டு எல்லாம் ஏற்றி வர ஒரு வேன் அனுப்புகிறேன் என்றார். நான் விடுவேனா? சீர் என் காரில்தான் வரும், அது மட்டுமில்லை, வீட்டிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குப் பாப்பாவும் என் காரில்தான் போகும் என்று பத்துப் பேர் முன்னால் அறிவித்துவிட்டேன். கோயில் அந்த ஊரிலிருந்து தள்ளி, கொள்ளிடக் கரையோரம். "சார்ஜ் இல்லன்னா என்ன மச்சான் பண்ணுவீங்க?" என்று அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் என்னையே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

காதுகுத்துக்கு முந்தின நாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு என்று நிறுத்திய கரண்ட் நடுராத்திரிக்கு மேல்தான் வந்தது. கார் முழுசாக ஏறவில்லை. ஆனாலும் தங்கை வீடு வரைக்கும் போகத் தாராளமாகப் போதும், அங்கே போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று விடிந்ததும் கிளம்பினேன். விதி ஜெயங்கொண்டத்தில் நின்றுகொண்டிருந்தது, சாமிநாதன் சார் உருவத்தில். சாரும் ஜமால் பாயும் விருந்துக்கு வருவதாக இருந்தார்கள். வழியில் ஒரு முந்திரித் தோப்பு ஓரம் நின்று சந்தித்தோம். அங்கே தோப்புக்காரர் ஒருவர் வந்து, தானும் இப்படி ஒரு கார் வாங்க யோசிப்பதாகச் சொன்னார். மூன்று பேருக்கும் கண் பளபளத்தது. புது ஆள்!

"உங்க வண்டியத்தான் ஓட்டிப் பாக்கட்டுமே, பழைய வண்டியே இப்புடிப் போவுதுன்னா அவருக்கு நம்பிக்கை வரும்" என்றார் சார். அந்தப் பாராட்டில் நான் உருகி, சீர்த்தட்டுகளை இறக்கிவைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். தோப்புக்காரர் ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு மனைவியை ஏற்றி ஒரு சுற்று, அண்ணனை ஏற்றி ஒரு சுற்று, அப்புறம் அண்ணன் தனியாக ஒரு சுற்று. பட்டுப்புடவையோடு சுமதி முந்திரி மரத்தடியில் பழத்தட்டுகளுக்கு ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  

தங்கை வீட்டு வாசலில் போய் நின்றபோது ஸ்கிரீனில் ஓர் ஆமைப் படம் வந்திருந்தது. பேட்டரி தீரப்போகிறது, இனிமேல் வண்டி ஊர்ந்துதான் போகும் என்று அதற்கு அர்த்தம். "மாமா, ஆமை!" என்று யாழினி கைதட்டினாள். அவசரமாக ஸ்கிரீனை மறைத்துக்கொண்டு இறங்கினேன்.

நேரம் இன்னும் இருந்தது. கொஞ்சம் ஏற்றினாலும் கோயிலுக்குப் போய்விடலாம். யாரும் பார்க்காதபோது வயரை இழுத்துப் பிளக்கில் சொருகினேன். சிவப்பு. பிடுங்கிச் சொருகினேன். சிவப்பு. மாடி அறை, சமையலறை, பூஜையறை என்று வீடு முழுக்கச் சொருகிப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு.  என் தங்கை பிறந்த வீட்டுப் பெருமையை வைத்து ஆமையோடு விளையாடிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பாயோடு நேராகக் கோயிலுக்குப் போயிருந்த சாமிநாதன் சாருக்குப் போன் போட்டேன். அவர் பதறவே இல்லை. "எர்த் காஞ்சு போயிருக்கும் தம்பி. வூட்டுக்குப் பின்னாடி பாருங்க, இரும்பு பைப் ஒண்ணு மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும். அதச் சுத்திக் கல்லுப்பு போட்டுத் தண்ணி ஊத்துங்க. ஈரம் ஏறுனா எர்த் வந்துடும்" என்றார்.

கொல்லையில் பைப் இருந்தது. விருந்துக்கு வந்த கல்லுப்பு மூட்டையிலிருந்து ஒரு தட்டு அள்ளிக்கொண்டேன். பட்டு வேட்டி நனையாமல் மடித்துக் கட்டி, துண்டை இடுப்பில் சுற்றி, சேறாகும் என்று வெறுங்காலோடு, ஒரு குடம் தண்ணீரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். "ஒரே எடத்துல ஊத்தாதீங்க, சுத்தி வந்து ஊத்துங்க" என்றார் சார் காதுக்குள். சுற்றி வந்து ஊற்றினேன். "மெதுவா, மெதுவா." மெதுவாக ஊற்றினேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் கவிதாவின் மாமியார் கையைக் கூப்பிக்கொண்டு நிற்கிறார்.

"என்னா தம்பி இது, மாமன் சடங்கா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'இல்லீங்க அத்தை, காரில் சார்ஜ் இல்லை' என்று ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை காதுக்குப் போகும். அவர் சிரிக்கக்கூட மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். அதை என்னால் தாங்க முடியாது. "ஆமாங்க அத்தை, எங்க பக்கத்து வழக்கம்" என்றேன்.

அவ்வளவுதான். "அடி கவிதா, பொறந்த வூட்டு வழக்கம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கியாடி நீ?" என்று அவர் மருமகளைக் கடிந்துகொண்டே பெண்களைக் கூட்டினார். மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, தேங்காய் உடைந்தது. ஒவ்வொருவராகச் சுற்றி வந்து உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு சித்தி குலவையிட்டார். கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் ஏழேழு தலைமுறைக்கும் கிடையாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? நான் இடையிடையே வாசலுக்கு ஓடிச் சார்ஜரைப் பார்த்துவிட்டு வந்தேன். (அதையும் சடங்கில் சேர்த்துக்கொண்டு பின்னாலேயே ரெண்டு பேர் ஓடிவந்தார்கள்.) சிவப்பு, சிவப்பு, சிவப்பு.

அப்போது ராமலிங்கம் வயலில் மேய்ந்துகொண்டிருந்த பசுவை ஓட்டிக்கொண்டு கொல்லைக்குள் வந்தார். பைப்பைப் பார்த்தார். மாலை போட்டிருந்தது. என்னைப் பார்த்தார்.

"மச்சான், இது மாடு கட்ட நான் அடிச்ச பைப்பு."

 மாடு முன்னால் வந்து உப்புத் தண்ணீரை நக்கியது. அவர் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது மாமியார் பாய்ந்து தடுத்தார். "பூச பண்ணுன எடத்துல மாட்டக் கட்டுவியாடா?" ராமலிங்கம் வாதாடவில்லை. மாட்டை வாசலுக்கு ஓட்டிப்போய், என் காரின் முன்பக்கத்தில் இழுவைக் கயிறு மாட்டுகிற கொக்கி இருக்குமே, அதில் கட்டினார். இந்தக் கார் எங்கேயும் போகப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்திருந்தது.

நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சாரும் பாயும் கோயிலில் கார்களைத் துடைத்து நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருப்பார்கள். எந்த முகத்தோடு போவது? கவிதா சீர்ப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"காரு கெடக்கட்டும் அண்ணே. புள்ளய மடியில வச்சுக்க எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா? ஏறு" என்றாள். வாசலில் ராமலிங்கம் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். 

டிராக்டரின் டிரெய்லரில் ஜமுக்காளம் விரித்து, சீர்த்தட்டுகளுக்கு நடுவில் நானும் சுமதியும் உட்கார்ந்து போனோம். கோயிலில் இரண்டு மின்சாரக் கார்கள் மாலையோடு நிற்க, டீசல் புகைக்கு நடுவே தாய்மாமன் போய் இறங்கினேன். ஜமால் பாய் கைகொடுத்து இறக்கிவிட்டார். யாழினி என் மடியில் உட்கார்ந்து, ஆசாரி ஊசியை எடுத்தபோது என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நல்ல நேரம் முடிவதற்குள் இரண்டு காதும் குத்தியாயிற்று. அவள் அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விருந்து முடிந்ததும் சாரும் பாயும் வந்து, மாட்டை அவிழ்த்துவிட்டு, என் காரைப் பக்கத்துத் தெரு அரிசி மில் வரைக்கும் தள்ளினார்கள். அங்கே எர்த் நன்றாக இருந்தது. சாயங்காலம் வரை என்னோடு உமி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். தன் யோசனையில் தவறில்லை, பைப்பில்தான் தவறு என்று சார் பாடம் நடத்தினார். அன்றுதான் அந்தக் குழு எனக்கு நிஜமாகவே உறவானது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கவிதாவின் மாமியார் அந்தப் பைப்பில் அதற்கப்புறம் மாடு கட்ட விடவே இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசி உப்புத் தண்ணீர் ஊற்றினார். மறுவருஷம் மாட்டுக்கொட்டகையில் தீவனம் வெட்டும் மெஷின் வைக்க வயரிங் செய்ய வந்தவர், எர்த்துக்கு எங்கே குழி தோண்டுவது என்று தேடி, இந்தப் பைப்பைச் சோதித்துப் பார்த்தார். மாடு இழுத்தாலும் அசையக் கூடாதென்று மாப்பிள்ளை ஆழமாக அடித்த பைப், வாராவாரம் உப்புத் தண்ணீர் குடித்த மண். இதைவிட நல்ல எர்த் கிடையாது என்று சொல்லி வீட்டு வயரிங் மொத்தத்தையும் அதிலேயே சேர்த்துவிட்டார்.

அடுத்த தடவை போனபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொருகினேன். பச்சை. மாமியார் ஆச்சரியமே படவில்லை, எனக்கு விபூதி பூசிவிட்டார். நான் அறிவியலை விளக்க வாயெடுத்தேன். ராமலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்போது ஏலாக்குறிச்சி, தா.பழூர் பக்கம் போகிற எங்கள் குழுவினர் எல்லோரும் அங்கேதான் வண்டியைப் போடுகிறார்கள். ஒரு குடம் ஊற்றாமல் பிளக்கைத் தொட மாமியார் யாரையும் விடுவதில்லை. ஜமால் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரத்தையாக ஊற்றுவார். போன மாதம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்தப் பக்கம் சார்ஜ் போட இடம் கேட்டார். சாமிநாதன் சார், முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர், உடனே பதில் போட்டார்: "தா.பழூர் பக்கம் நம்ம தம்பியின் தங்கை வீட்டில் எர்த் பிரமாதம். கொல்லைக்குள் செருப்போடு போக வேண்டாம்."